ஒன்பது நாள் விருந்தாளியும் ஒரு தலைமுறைப் பெண்களும்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணியின் ஓரத்தில், கடலைப் பார்த்தபடி வளைந்த முகப்போடு ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. அதற்குப் பல பெயர்கள் உண்டு. பேருந்து நடத்துனர் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று கூவுகிறார். காவல் நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான். சுற்றுலாக் கையேட்டிலும் வாசல் பலகையிலும் அது ‘விவேகானந்தர் இல்லம்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதை ‘கேசில் கெர்னன்’ என்றார்கள். இந்த மூன்று பெயர்களும் மூன்று ஆண்களை நினைவில் வைத்திருக்கின்றன. ஒருவர் அமெரிக்கப் பனிக்கட்டி வியாபாரி, இன்னொருவர் ஆங்கிலேய ஆட்சிக்கால நீதிபதி, மூன்றாமவர் துறவி. ஆனால் இந்த வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், இங்கேயே உண்டு உறங்கிப் படித்தவர்கள், பெண்கள். பெரும்பாலும் சிறுமிகள். கணவனை இழந்தவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த சிறுமிகள். அவர்களைச் சொல்லும் பெயர் எதுவும் இந்தக் கட்டடத்துக்கு நிலைக்கவில்லை.

ஒரு பழைய வீட்டை நினைவுச் சின்னமாக்கிப் பாதுகாக்கும்போது அங்கே யாருடைய வாழ்க்கை பாதுகாக்கப்படுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எங்கள் பக்கத்திலிருந்தே இந்தக் கேள்வியைத் தொடங்கலாம். நான் வசிக்கும் ஒட்டன்சத்திரத்தின் பெயருக்குள்ளேயே ஒரு கட்டடம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் தங்கிச் சென்ற சத்திரம். ஊர் இன்று காய்கறிச் சந்தைக்குப் பேர்போனது. சத்திரம் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே உலை வைத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் யார் என்பதைச் சொல்லும் வழக்கம் எந்த ஊருக்கும் இருந்ததில்லை. ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் தெரியும். அந்த மலைமேல் 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் இரண்டு வீடுகளைக் கட்டியது. சன்னிசைடு, ஷெல்டன் என்பவை அவற்றின் பெயர்கள். கொடைக்கானல் என்ற மலைவாசத்தலம் அந்த இரண்டு வீடுகளிலிருந்துதான் தொடங்கியது. சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தைப் பறிகொடுத்த மிஷனரிகள், மனைவி மக்களோடு உயிர்தப்பத் தேடிய இடம் அது. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு அவர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து மலையேற்றியவர்கள் நம் ஊர்க் கூலிகள். கொடைக்கானல் பங்களாக்களின் வாசலில் இன்றும் ஆங்கிலப் பெயர்கள் தொங்குகின்றன. சுமந்த தோள்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பழைய வீடுகளைப் பற்றி எழுதுபவர்கள் உரிமையாளரின் பெயரையும் புகழ்பெற்ற விருந்தாளியின் பெயரையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது நெடுநாள் பழக்கம். ஐஸ் ஹவுஸ் அந்தப் பழக்கத்தின் மிகத் தெளிவான உதாரணம் என்பதால் மலையிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போகிறேன்.

பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர் ‘பனிக்கட்டி அரசன்’ என்று பெயரெடுத்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் அவற்றை அறுத்துப் பாளமாக்கி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார். 1833இல் அவருடைய முதல் சரக்கு நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு கல்கத்தாவை அடைந்தது. வழியில் உருகியது போக மிஞ்சியதே பெரும் லாபத்தைத் தந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பனிக்கட்டிக் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842இல் கட்டப்பட்டது. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி அப்போது ஐந்து ஆண்டுகள். வெள்ளைக்காரர்களின் மதுக்கோப்பையைக் குளிர்விக்கவும் மருத்துவமனையில் காய்ச்சலைத் தணிக்கவும் அந்தப் பனி பயன்பட்டது. வெயிலும் காற்றும் உள்ளே வராமலிருக்க வேண்டும் என்பதற்காகவே கட்டிய கட்டடம் அது. தடித்த சுவர்கள். மனிதர் வாழ்வதற்கான ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

இயந்திரத்தால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் டியூடரின் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். வளைந்த தாழ்வாரங்களைச் சேர்த்து, சன்னல்கள் வைத்து, கிடங்கை வீடாக்க முயன்றார். தமக்கு நெருக்கமான உயர்நீதிமன்ற நீதிபதி கெர்னனின் பெயரை அதற்கு வைத்தார். வீட்டின் ஒரு பகுதியில் ஏழை மாணவர்கள் தங்கிப் படித்தார்கள்.

1897 பிப்ரவரி 6ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் எழும்பூர் நிலையத்தில் வந்து இறங்கினார். மேலைநாடுகளில் வென்று திரும்பியவரை நகரமே வரவேற்றது. ஊர்வலம் கேசில் கெர்னனில் முடிந்தது. ஒன்பது நாட்கள் அங்கே தங்கியிருந்து பல சொற்பொழிவுகள் ஆற்றிவிட்டுக் கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். அடுத்த மாதமே அவருடைய சகதுறவி ராமகிருஷ்ணானந்தர் வந்து, தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடத்தை இந்த வீட்டில் தொடங்கினார். 1902இல் ஐயங்கார் இறந்தார். 1906இல் வீடு ஏலம் போனது. 1907இல் மடம் மயிலாப்பூருக்கு இடம் மாறியது.

விவேகானந்தர் இல்லத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் இதுவரை விரிவாகச் சொல்வார்கள். இதற்குப் பிறகு அவர்களுடைய நடை வேகமெடுக்கும். ‘பின்னர் அரசு வாங்கியது, விதவையர் இல்லமாகவும் விடுதியாகவும் இருந்தது’ என்று இரண்டு வாக்கியத்தில் பல பத்தாண்டுகளைத் தாண்டி 1963க்கு வந்துவிடுவார்கள். அந்த இரண்டு வாக்கியத்துக்குள்தான் நான் நுழைய விரும்புகிறேன்.

ரா.சு. சுப்பலட்சுமி 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். பூர்வீகம் தஞ்சை மாவட்டம். பதினோரு வயதில் மணம் முடித்தார்கள். சிறிது காலத்திலேயே கணவன் இறந்துவிட்டான். அக்காலப் பிராமணக் குடும்பத்தில் அதற்கு மேல் நடப்பது ஊரறிந்த ஒன்று. பருவம் வந்ததும் தலையை மழிப்பார்கள். வெள்ளையோ காவியோ சுற்றுவார்கள். ஒருவேளைச் சோறு. விசேஷங்களில் முகம் காட்டக் கூடாது. சமையலறையே உலகம். இந்தக் கொடுமைக்குத் தமிழில் பழைய சாட்சி உண்டு. கணவன் பூதப்பாண்டியன் இறந்தபின் தீயில் பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டு, தடுக்க வந்த சான்றோரிடம் பேசிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நெய்யில்லாத சோறும் கீரையும் கல் படுக்கையுமாகக் கைம்மை நோற்பதைவிடத் தீ எனக்குக் குளிர்ந்த பொய்கை என்பது அவள் வாதம். வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம், இதைக் கற்புக்குச் சான்றாக மட்டும் படிக்காதீர்கள், கைம்மையின் கொடுமைக்கு ஒரு பெண் எழுதிய குற்றப்பத்திரிகையாகவும் படியுங்கள் என்று மாணவிகளிடம் சொல்வேன்.

சுப்பலட்சுமியின் பெற்றோர் அவர் தலையில் கத்தி வைக்க விடவில்லை. படிக்க வைத்தார்கள். 1911இல் மாநிலக் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் அந்த நிலையை அடைந்த முதல் இந்து விதவை அவர். ஒரு விதவை எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும் ஊரில், ஒரு விதவை தெருவில் நடந்து கல்லூரிக்குப் போனதே பெரிய கலகம்.

அக்காலத்தில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர் மிஸ் லிஞ்ச். மாகாணத்தில் பெண்பள்ளிகளைப் பெருக்க அரசு விரும்பியது. பாடம் நடத்தப் பெண் ஆசிரியர்கள் போதவில்லை. ஆண் ஆசிரியரிடம் வளர்ந்த பெண்களை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். மணமான பெண்களை வேலைக்கு அனுப்பக் கணவன் வீட்டார் சம்மதிப்பதில்லை. ‘வேண்டாம்’ என்று தடுக்கக் கணவன் இல்லாதவள் விதவைதான். அரசின் தேவையும் சுப்பலட்சுமியின் கனவும் இந்த இடத்தில் சந்தித்தன. எழும்பூரில் அவருடைய வீட்டில் நான்கு விதவைச் சிறுமிகளோடு முயற்சி தொடங்கியது. 1912இல் சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று. இல்லத்தின் சமையலையும் நிர்வாகத்தையும் தாங்கியவர் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். படித்த பெண்ணின் பெயர் வரலாற்றில் வந்துவிட்டது. உலை வைத்துக் கணக்குப் பார்த்த பெண்ணின் பெயரையும் சேர்த்துச் சொல்வது நம் வேலை.

சிறுமிகள் பெருகினார்கள். வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. விதவைகள் கூட்டமாகக் குடியிருக்கும் தெரு துர்ச்சகுனம் என்று அக்கம்பக்கம் அஞ்சியது. யாருக்கும் வேண்டாத வீடு ஒன்று கடற்கரையில் கிடந்தது. அதை 1917இல் அரசு எடுத்துக்கொள்ள, யாருக்கும் வேண்டாத பெண்கள் அங்கே குடியேறினார்கள். எதிரே கடல், பின்னால் திருவல்லிக்கேணி அக்கிரகாரம், பக்கத்தில் மீனவர் குப்பங்கள். ஊரின் எல்லைக்கு வெளியே தள்ளியது போலவும் இருந்தது. ஊரின் கண்ணுக்கு எட்டாத சுதந்திரமும் அதில் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவிகளோடு சென்னை போயிருந்தபோது, அந்தக் கட்டடத்தின் எதிரே நின்று இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், ஒம்பது நாளு தங்குனவரு பேர வச்சிருக்காங்க. வருசக்கணக்கா இருந்த புள்ளைங்க பேரு ஏன் இல்ல?” இன்னொருத்தி சொன்னாள்: “புள்ளைங்க பேரு யாருக்குடி தெரியும்?” இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஒருவர் பெயரை எழுதிவைக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். மற்றவர்களின் பெயரைப் பெற்ற வீடே உச்சரிக்கத் தயங்கியது.

விவேகானந்தரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. 1897 பயணத்தின் சொற்பொழிவுகளில் அவர் சொன்ன ஒரு கருத்து இந்த வீட்டின் கதைக்கு மிக முக்கியமானது. விதவைகளின் சிக்கலுக்கு என்ன தீர்வு என்று என்னைக் கேட்காதீர்கள், நான் விதவையா, நான் பெண்ணா என்று அவர் திருப்பிக் கேட்டார். பெண்களின் சிக்கலைத் தீர்க்க ஆண்கள் யார், கையை எடுங்கள், கல்வியைக் கொடுத்தால் அவர்களே தீர்த்துக்கொள்வார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். இருபதே ஆண்டுகளில், அவர் தங்கிய அதே கூரையின் கீழ், ஒரு விதவை மற்ற விதவைகளுக்குக் கல்வி கொடுத்து அவர்களைச் சொந்தக் காலில் நிற்க வைத்தார். துறவி சொன்ன சொல்லைச் செயலாக்கிக் காட்டியவர்கள் இந்தப் பெண்கள். அந்த வகையில் பார்த்தால், விவேகானந்தருக்கு அந்த வீட்டில் வைக்கத்தக்க ஆகச் சிறந்த நினைவுச் சின்னமே சுப்பலட்சுமியின் இல்லம்தான்.

இந்தியா முழுக்க அப்போது இந்தக் கேள்வி எரிந்துகொண்டிருந்தது. விதவை மறுமணச் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. வீரேசலிங்கம் 1881இல் ராஜமுந்திரியில் மறுமணம் நடத்திவைத்தார். பண்டித ராமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கினார். புனேயில் கார்வே 1896இல் விதவையர் இல்லம் நிறுவினார். தமிழில் அ. மாதவையா ‘முத்துமீனாட்சி’ நாவலை 1903இல் எழுதினார். பெரியார் தம் குடும்பத்துச் சிறுபெண்ணுக்கு மறுமணம் செய்துவைத்து, பின்னாளில் சுயமரியாதை இயக்கத்தின் மேடைகளில் அதைக் கொள்கையாகவே ஆக்கினார். இவர்களோடு ஒப்பிட்டால் சுப்பலட்சுமி நிதானமானவர். மறுமணத்தை முழக்கமாக எடுக்கவில்லை. வைதீகக் குடும்பங்கள் பயந்து பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்ளாத வகையில் ஆசாரங்களுக்கு இடம் கொடுத்தே இல்லத்தை நடத்தினார். மறுமணம் ஒரு பெண்ணுக்கு இன்னொரு கணவனைத் தரும். ஆசிரியர் வேலை அவளுக்குச் சம்பளத்தைத் தரும். அவர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். கணவன் வழியாக அல்லாமல் தன் பெயரில் மாதச் சம்பளம் வாங்கும் பெண் என்பது தமிழ்ச் சமூகத்துக்கு எவ்வளவு புதிது என்பதை இன்று சம்பளம் வாங்கும் நாம் மறந்துவிடுகிறோம். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வர் பொறுப்பும் அவரிடம் வந்தது. அங்கே படித்தவர்களும் இல்லத்துப் பெண்களும் ஆசிரியைகளாகப் பள்ளிகளுக்குப் போனார்கள்.

ஆனால் இந்த வரலாற்றையும் நாம் பூசை செய்து மாடத்தில் வைக்கக் கூடாது. ஐஸ் ஹவுஸின் கதவு எல்லா விதவைகளுக்கும் திறக்கவில்லை. அது பிராமண விதவைகளுக்கான இல்லம். வேறு சாதிப் பெண்களைச் சேர்த்தால் வைதீகக் குடும்பங்கள் பெண்களை அனுப்ப மாட்டார்கள் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. அந்தக் கணக்கு நடைமுறையில் சரியாக இருந்திருக்கலாம். அதற்கு விலை கொடுத்தவர்கள் வெளியே நின்ற பெண்கள். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் வாசலுக்குத் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் அடைக்கலம் தேடி வந்தபோது, நகரத்தின் பிராமணர் விடுதி, பிராமணரல்லாதார் விடுதி இரண்டுமே அவர்களைச் சேர்க்க மறுத்தன. அந்த மறுப்பிலிருந்துதான் 1930இல் அவ்வை இல்லம் பிறந்தது. பெண்களுக்காகக் கட்டப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசற்படி உண்டு. அதைத் தாண்ட முடியாத பெண்கள் யார் என்று கேட்காமல் அந்த வீட்டின் வரலாறு முழுமையாகாது. சுப்பலட்சுமியை மறைத்த வரலாற்றைக் கேள்வி கேட்கும் நான், சுப்பலட்சுமியின் இல்லத்தில் இடம் கிடைக்காதவர்களை மறைத்துவிட்டு எழுதினால் அதே தவறைத்தான் செய்வேன்.

1963 விவேகானந்தரின் நூற்றாண்டு. அப்போது அரசு இந்தக் கட்டடத்துக்கு ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் சூட்டியது. சுப்பலட்சுமி அப்போது உயிரோடு இருந்தார். 1952 முதல் 1956 வரை சட்டமேலவை உறுப்பினராக இருந்து, 1958இல் பத்மஸ்ரீ பெற்று, நகரத்தில் எல்லோரும் அறிந்த முதியவராக இருந்தார். தம் பெண்கள் வாழ்ந்த வீட்டுக்கு வேறு பெயர் எழுதப்பட்டதை அவருடைய தலைமுறை பார்த்தது. சென்னையில் வசித்த மோனிகா ஃபெல்ட்டன் என்ற ஆங்கிலப் பெண் அவருடைய வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1966இல் வெளியிட்டார். சுப்பலட்சுமி 1969 டிசம்பரில் காலமானார். பெயர் மாறிய பிறகும் ஆசிரியப் பயிற்சி பெறும் பெண்களுக்கு அது விடுதியாக இருந்தது. 1997இல் கட்டடம் ராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்கு ஒப்படைக்கப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, கண்காட்சியாயிற்று. அவர்கள் அக்கறையோடு காப்பாற்றியிராவிட்டால், கடற்கரையின் விலைமிக்க மண்ணில் அது என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செங்கலும் சுண்ணாம்பும் காப்பாற்றப்பட்டதற்கு நன்றி சொல்லியே மீதியைக் கேட்க வேண்டும்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குச் சிகாகோவில் ஒரு விடை இருக்கிறது. விவேகானந்தருக்கு உலகப் புகழ் தந்த அதே ஊர். அங்கே சார்லஸ் ஹல் என்பவர் 1856இல் கட்டிய மாளிகை ‘ஹல் ஹவுஸ்’. 1889இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் அங்கே குடியேறி, சுற்றியிருந்த ஏழைக் குடியேறிகளுக்காகக் குழந்தைக் காப்பகம், வகுப்புகள், சமூகக்கூடம் என்று ஒரு பெரிய வளாகத்தையே உருவாக்கினார்கள். 1931இல் ஆடம்ஸுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1960களில் பல்கலைக்கழக வளாகத்துக்காகப் பெரும்பாலான கட்டடங்களை இடித்தார்கள். எஞ்சியவை தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகின்றன. கட்டியவரின் பெயர் அப்படியே இருக்கிறது. அதற்கு முன்னால் அங்கே வாழ்ந்து உழைத்த பெண்ணின் பெயரைச் சேர்த்து ‘ஜேன் ஆடம்ஸ் ஹல் ஹவுஸ் அருங்காட்சியகம்’ என்கிறார்கள். உள்ளே போகிறவர்களுக்கு வீட்டு முதலாளியின் கதையைவிட அங்கே குடியிருந்தவர்களின் கதைதான் அதிகம் சொல்லப்படுகிறது. ஒரு பெயரை அழித்துத்தான் இன்னொரு பெயரை எழுத வேண்டும் என்பதில்லை. சுவரில் இடம் இருக்கிறது.

நம்மிடம் இன்னும் கொஞ்சம் காலமும் இருக்கிறது. அந்த விடுதியில் கடைசி ஆண்டுகளில் தங்கிப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் இன்று ஓய்வூதியம் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு சிற்றூரில், ஒருவேளை எங்கள் சந்தைப்பேட்டைத் தெருவிலேயே, அவர்களில் ஒருவர் இருக்கக்கூடும். எந்த அறையில் படுத்தார்கள், கடல் சத்தத்தில் தூக்கம் வந்ததா, வார்டனுக்குத் தெரியாமல் எந்தப் பத்திரிகையைப் படித்தார்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதிவைக்க ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் சில மாணவிகளும் போதும். முதுகலை ஆய்வேடுகளுக்குத் தலைப்பு தேடும் தமிழ்த்துறைகளுக்கு இதைவிட உருப்படியான வேலை இல்லை. விதவைச் சிறுமிகளின் பெயர்கள் அரசின் பழைய பதிவேடுகளிலும் கல்வித்துறை அறிக்கைகளிலும் கிடைக்குமா என்று ஆவணக் காப்பகத்தில் தேடத் தொடங்குவதும் நம்மால் ஆகிற காரியம்தான்.

அதுவரை, அந்தக் கட்டடத்தின் வாசலில் விவேகானந்தரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல் பதிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதில் இப்படி எழுதியிருந்தால் போதும்: 1917 முதல் இந்த வீட்டில், ஊர் கைவிட்ட சிறுமிகள் வாழ்ந்தார்கள். சகோதரி சுப்பலட்சுமியும் சித்தி வாலாம்பாளும் அவர்களை வளர்த்தார்கள். அவர்கள் படித்து ஆசிரியைகளாகி இந்தப் படியிறங்கிப் போனார்கள்.